'போட' என்று எழுதிய பை: ஒரு மிஷன் தம்பதியரின் கடைசி இரண்டு வாரங்கள்

இது எங்கள் சபையில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, வயது, மாடி இலக்கம் போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நான் அப்போது சபைக் குழுவின் செயலாளர். கீழே வரும் பிழைகளில் பாதி என் கையால் நடந்தவை. வெளிநாட்டிலிருந்து வரும் வயதான ஊழியர்களை வரவேற்று, வைத்திருந்து, வழியனுப்பும் மற்றச் சபைகளுக்கு இது உதவலாம்.

பின்னணி

தம்பதியர் பாளையங்கோட்டைக்காரர். கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கணிதம் படிப்பித்தவர், வயது 69. மனைவிக்கு 66. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். ஊரிலுள்ள மிஷன் சங்கம் ஒன்று 18 மாத ஊழியத்துக்கு அவர்களைக் கொழும்புக்கு அனுப்பியது. சம்பளம் கிடையாது. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அவர்களுடைய ஓய்வூதியத்தில். வீட்டு வாடகை மட்டும் எங்கள் பொறுப்பு. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு அறை வீடு எடுத்துக் கொடுத்தோம்.

அவர்கள் வந்தது 2022 நெருக்கடிக்கு அடுத்த வருடம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறின விலை இறங்கவில்லை. கொழும்பு 13இலும் 15இலும் உள்ள தொடர்மாடிகளில் அது யாரை அடித்தது என்று எங்களுக்குத் தெரியும்: பழைய துறைமுகத் தொழிலாளர்கள், புறக்கோட்டையில் மூட்டை தூக்கி முதுகு போன நாட்டாமிகள், மகளைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளையோடு இருக்கும் ஆச்சிகள். கிளினிக் இலவசம்தான். ஆனால் அங்கே போய்வர ஓட்டோக் காசு வேண்டும், விடிய ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கக் கால் வேண்டும்.

ஆசிரியரை எல்லோரும் 'சேர்' என்றார்கள். அம்மாவைத் தொடர்மாடிச் சனம் 'மிஸி' என்றது. இங்கே நர்ஸுக்கு அதுதான் பெயர்.

ஒரு சின்ன விஷயம். வந்த முதல் மாதம், குழுக் கூட்டத்தில் அம்மா, "நேத்து மூணாம் மாடி ஆச்சியோட பேசிட்டு வந்தேன்" என்றார். எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்துக்காரர் பாதிப் பேர். பொருளாளர் முகம் மாறி, "ஏன் அம்மா, அந்த மனிசி என்ன செய்தது?" என்று கேட்டார். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. அவர் சொன்னதைத்தான் நாங்கள் 'கதைத்தேன்' என்போம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததோடு விட்டுவிட்டோம். இதை இங்கே எழுதக் காரணம் பின்னால் வரும்.

எங்களுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

குழுவுக்குத் தெரிந்த வேலைகள் மூன்று. ஞாயிறு ஆராதனையில் உதவி, சேர் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நடத்திய இலவசக் கணித வகுப்பு, அம்மாவின் 'வீட்டுச் சந்திப்புகள்'. மூன்றாவதைப் பற்றி மாத அறிக்கையில் ஒரு வரி வரும்: "இம்மாதம் 52 சந்திப்புகள்." நாங்களும் நல்லது என்று தலையாட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போவோம்.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்று ஒன்றரை வருடம் யாரும் கேட்கவில்லை. அதே மொழி பேசுகிற, ஒரே மாதிரிச் சாப்பாடு சாப்பிடுகிற, மதுரையிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் பறந்து வந்த ஆட்களிடம் துருவித் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு போலப் பட்டது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் வந்திருந்தால் கட்டாயம் கேட்டிருப்போம். மொழிபெயர்க்கவாவது கூடப் போயிருப்போம்.

புறப்பட 14 நாள்

அன்று கூடிய குழுவில் மூன்று விடயங்கள்: பிரியாவிடை, வீட்டைத் திருப்பிக் கொடுப்பது, சாமான்களை விற்பது. பிரியாவிடை ஒன்றல்ல, மூன்று: சபையில், மாதர் சங்கத்தில், வெள்ளவத்தையில் ஓர் அங்கத்தவர் வீட்டில் மதிய விருந்து. கூட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தது. அதில் ஒன்றேகால் மணித்தியாலம் பொன்னாடை, நினைவுச் சின்னம், ரோல்சா பற்றிசா என்பதற்குப் போனது. அவர்களுடைய வேலையை இனி யார் ஏற்பது, அந்தக் கைமாற்றல் என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை. கூட்ட அறிக்கையை எழுதியவன் நான்தான், திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சேர் அந்த நாட்களில் சுறுசுறுப்பாகப் பெட்டி கட்டினார். அம்மா நேர்மாறு. கால் வீங்கியிருந்தும் ஒவ்வொரு நாளும் தொடர்மாடிக்குப் போய் இருட்டினபிறகுதான் வந்தார். பிரிவுத் துயரம் என்று நினைத்தோம். உண்மையில் அவர் தன்னந்தனியாக ஒரு கைமாற்றலைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

புறப்பட 9 நாள்: பிரிட்ஜ்

வெள்ளவத்தை விருந்து அன்றுதான். தம்பதியர் காலை பத்து மணிக்கே போய்விட்டார்கள். பிரிட்ஜை வாங்க ஒருவர் வத்தளையிலிருந்து லொறியோடு வந்தார். மாதர் சங்கத்திலிருந்து இருவரும் நானும் வீட்டில் நின்றோம். பிரிட்ஜில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தோம். கதவுத் தட்டில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. திறந்தால் ஒரு சின்ன மருந்துப் போத்தலும், டிஷ்யூவில் சுற்றி வரிசையாக அடுக்கிய ஊசிகளும். சேருக்கு நீரிழிவு என்று எங்களுக்குத் தெரியும். பழையதாக இருக்கும், புதியதை அவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டினோம். குப்பைப் பையின் வாயைக் கட்டியது நான். மாநகரசபை வண்டி பகல் ஒரு மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனது.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது, கணித வகுப்புக்கு வருகிறவன். வீடு வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டு நேராகக் குசினிக்குப் போனான். பிரிட்ஜ் நின்ற இடத்தில் தரையில் சதுரமாக ஒரு கறுப்புத் தடம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டிபன் பெட்டி.

"அங்கிள், ஆச்சியிண்ட ஊசி?" என்றான்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவனுடைய ஆச்சிக்கு எழுபது வயது, கண்ணில் புரை, காலையும் இரவும் இன்சுலின். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் போவார், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கும் போவார். ஊசியின் கோடுகள் அவருக்குத் தெரியாது. வீட்டில் பிரிட்ஜும் இல்லை. முன்பு பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கரண்ட் பில் கட்டாமல் இணைப்பை வெட்டினபோது ஒரு மாத மருந்து பழுதாய்ப் போனது. அதன் பிறகு கிளினிக்கில் கொடுக்கும் போத்தலை அம்மா தன் வீட்டில் வைத்து, செவ்வாய்தோறும் ஒரு கிழமைக்குரிய ஊசிகளில் அளவாக மருந்தை எடுத்து அடுக்கிவிடுவார். பையன் வகுப்புக்கு வரும்போது அன்றைய இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இரண்டு ஊசிகளை டிபன் பெட்டியில் கொண்டுபோவான். ஆச்சிக்குக் குத்திக்கொள்ள மட்டும் தெரியும். பதினான்கு மாதமாக இப்படி நடந்திருக்கிறது. பார்த்தவர்களுக்கு, கணக்குப் படிக்க வந்த பையன்.

விருந்திலிருந்து வந்த அம்மா பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் பாமசிக்கு நடந்தார். அன்று இரவு ஊசி தவறவில்லை, ஒரு மணித்தியாலம் பிந்தியது. புதுப் போத்தலுக்கு நான் காசு கொடுத்தேன். அவர் எங்களில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. "எங்க தப்பு தம்பி. ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கணும்" என்றார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முடிவு ஒன்று: விசாவை நீடிப்பதில்லை

அன்றிரவே அம்மாவின் கொப்பியைக் கேட்டு வாங்கி வாசித்தோம். பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பிரஷர், சீனி, அடுத்த கிளினிக் திகதி, மருந்து யார் எடுத்துக் கொடுப்பது. நடுவில் "பையன் பீஸ் கட்டியாச்சு", "மகள் போன் பண்ணல, அழுதாங்க" என்றும் இருக்கும்.

மறுநாள் அவசரக் கூட்டத்தில் பலர் ஒரே குரலில் சொன்னது: இன்னும் ஒரு மாதம் நிற்கச் சொல்லுவோம். மத ஊழியர்களுக்கான வதிவிட விசாவுக்குக் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசு வேண்டும், பிறகு பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவை புதுப்பித்தபோது அந்த வழி எங்களுக்குப் பழகியிருந்தது. கெஞ்சினால் கிடைத்திருக்கலாம்.

நான் எதிர்த்தேன். போதகர் என் பக்கம் நின்றார். காரணங்கள் இரண்டு. சேரின் உடம்பு: அவருக்குச் சீனி கட்டுக்குள் இல்லை, ஊரில் தன்னைப் பார்த்துவரும் வைத்தியரிடம் போக வேண்டுமென்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றது, ஒரு மாதம் கூடக் கொடுத்தால் அந்த ஒரு மாதமும் அம்மாவே பதினான்கு வீட்டுக்கும் போவார், நாங்கள் இன்னொரு பிரியாவிடை வைப்போம். எட்டு நாளில் செய்யாத கைமாற்றலை முப்பது நாளில் செய்யப் போவதில்லை.

இந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பிழை, மிச்சமிருந்த இரண்டு பிரியாவிடைகளையும் நிறுத்தாதது. ஹோல் பிடித்தாயிற்று, சாப்பாட்டுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று என்று விட்டுவிட்டோம்.

முடிவு இரண்டு: யாருக்கு யார்

ஏழு நாள் அம்மாவோடு இருவர் இருவராகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: வருகிற கிழமை மிஸி வராவிட்டால் இந்த வீட்டில் எது நின்றுபோகும்? ஒன்பது வீட்டில் நின்றுபோவது ஒரு தேத்தண்ணியும் அரை மணிநேரக் கதையும். அது பெரிய இழப்புத்தான், ஆனால் எங்களால் முடியும். மூன்று வீட்டில் கிளினிக் வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் போகும். ஒரு வீட்டுக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதைச் சபையின் உதவி நிதிக்கு மாற்றினோம், கணக்கோடு. பதினான்காவது வீடு ஆச்சி.

ஆச்சிக்காக முடிவெடுக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது. எங்களில் ஒருவர் தினமும் இரண்டு தடவை போய் ஊசி நிரப்பிக் கொடுப்பது நடக்காத காரியம். கடைசியில் அம்மாதான் சொன்னார், பையனுக்கே பழக்கிவிடலாம் என்று. பதினைந்து வயசு, பரீட்சை வருசம், இந்தச் சுமையை அவன் தலையில் வைப்பதா என்று போதகருக்குத் தயக்கம். "சுமை ஏற்கனவே அவன் தலையிலதான் இருக்கு. டிபன் பெட்டியத் தூக்கிட்டு வாரது யாருன்னு நெனச்சிய?" என்றார் அம்மா.

நான்கு பின்னேரம் பழக்கினார். முதலில் தண்ணீர். பிறகு ஒரு தோடம்பழத்தில் குத்துவது. காலை 18 அலகு, இரவு 10. போத்தலைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். காற்றுக் குமிழியை நகத்தால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். சேர் பக்கத்தில் நின்று, "கோட எண்ணாத, எண்ணப் படி" என்று கணக்கு வாத்தியாராகவே சொல்லிக்கொடுத்தார். பையன் கெட்டிக்காரன். இரண்டாம் நாளே கை நடுங்கவில்லை.

திறக்காத போத்தல் தொடர்மாடிக்குக் கீழே உள்ள சில்லறைக் கடைப் பிரிட்ஜில். திறந்தது வீட்டில், ஈரமண் நிரப்பிய சட்டிக்குள் ஒரு சின்ன முட்டி, அதற்குள். திறந்த போத்தலைக் கடும் வெயில் படாமல் இப்படி வைத்தால் நான்கு கிழமைக்குத் தாங்கும் என்பது அம்மாவின் கணக்கு. கிளினிக்கிலும் கேட்டு உறுதிப்படுத்தினோம். சீனி பார்க்கும் கருவியைக் கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தார். அது இந்தியாவில் வாங்கியது, அதற்குரிய ஸ்ட்ரிப்தான் போட வேண்டும், இங்கே கிடைக்காது என்று பொருளாளர் கண்டுபிடித்தார். இங்கே விற்கிற ஒன்றை வாங்கினோம்.

எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே தோன்றுகிறது: எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறோம்! கருவியைப் பார்த்த கண், ஊசியைப் பார்க்கவில்லை.

புறப்பட 2 நாள்

சபைப் பிரியாவிடை. ஒரு மூத்தவர் கிறீன் வைத்தியரைப் பற்றிப் பேசினார். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, 1873இல் ஊர் திரும்பியபோது தன் வேலையைச் செய்யப் பழகிய ஆட்களை விட்டுவிட்டுப் போனவர். சபையோர் கைதட்டினார்கள். தம்பதியருக்கு இரண்டு மணித்தியாலம் பொன்னாடை விழுந்தது. சேர் களைத்துப்போய் முன்வரிசையில் கண்ணயர்ந்தார்.

புறப்பட்ட காலை

வேன் ஐந்தரைக்கு வந்தது. வெறும் அறையில் மூன்று பைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அம்மா தடித்த மார்க்கரால் ஒரு சொல் எழுதியிருந்தார். 'கொண்டுபோக.' 'கொடுக்க.' 'போட.' பிரிட்ஜ் விஷயத்துக்குப் பிறகு எதையும் எழுதி ஒட்டுவது அவருடைய பழக்கமாகியிருந்தது.

முதலாவது வேனில் ஏறியது. இரண்டாவதில் சட்டைகளும் சமையல் பாத்திரமும். மாதர் சங்கம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதைத் திறந்து பார்த்தேன். சில மாத்திரை அட்டைகள், பஞ்சு, ஊசிப் பக்கெற்றுகள் நான்கு.

அம்மா வேனுக்குள் இருந்து தலையை நீட்டி, "தம்பி, அதுல உள்ளதப் போட்டுருங்க, மறந்துராதிய" என்றார்.

"சரி அம்மா, நாங்க பார்த்துக்கொள்ளுறம்" என்றேன்.

விமான நிலையத்தில் நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதிவேகப் பாதையில் அரை மணித்தியாலம் யாரும் கதைக்கவில்லை. உள்ளே போகும் வாசலில் சேர் பையனின் அடுத்த கணிதப் பயிற்சித் தாளை என் கையில் கொடுத்து, "ஏழாவது கணக்குல தப்பு பண்ணுவான், பாத்துக்கிடுங்க" என்றார்.

அன்று பின்னேரமே ஊசிப் பக்கெற்றுகளைக் கொண்டுபோய்ப் பையனிடம் கொடுத்தேன். மாத்திரைகளை மட்டும் திகதி பார்த்து எறிந்தேன்.

பின் நடந்தது

முதல் பதினெட்டு நாளும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. செவ்வாய்தோறும் அம்மா வாட்ஸ்அப்பில் அழைப்பார். "ஊசி இருக்கால?" என்று கேட்பார். "இருக்கு மிஸி, நீங்க குடுத்தது நிறைய இருக்கு" என்பான் பையன். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள், வேறு வேறு பக்கெற்றுகளை நினைத்துக்கொண்டு.

பத்தொன்பதாம் நாள் காலை, பழக்கும்போது கொடுத்திருந்த செம்மஞ்சள் மூடி ஊசிகள் முடிந்துவிட, நான் கொடுத்த பக்கெற்றில் ஒன்றைப் பிரித்தான். மூடி சிவப்பு. 18 என்ற எண் வரை எடுத்தான். ஆச்சி குத்திக்கொண்டு, ஒரு துண்டுப் பாணும் பிளேன்டீயும் எடுத்தார். பையன் பள்ளிக்கூடம் போய்விட்டான்.

பத்தரை மணியளவில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தபோது ஆச்சி வியர்வையில் குளித்து, கட்டிலில் இருந்தபடி எதிரே இல்லாத மகளோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாவைப் புத்திசாலி என்றுதான் சொல்ல வேண்டும். விழுங்குகிறாரா என்று ஒரு வாய் பார்த்துவிட்டுச் சீனித் தண்ணி பருக்கினார், உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. 2016இல் இந்தியாவின் நன்கொடையில் தொடங்கிய சேவை அது. விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 38க்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பங்கும் இருப்பதால், ஏற்றின சீனி மறுபடி மறுபடி இறங்கியது. மூன்றாம் நாள் வீடு வந்தார். நிரந்தரப் பாதிப்பு எதுவும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது வார்டில் இருந்த ஓர் இளம் வைத்தியர். "பாவிச்ச ஊசியைக் கொண்டு வாருங்கள்" என்றார். பார்த்த உடனே அவருக்குப் புரிந்தது. இங்கே கிடைக்கும் இன்சுலின் போத்தல் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு. இந்தியாவில் இன்னும் பரவலாக இருப்பது ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள போத்தல். அதற்கென்று தனி ஊசி, சிவப்பு மூடி. சேர் முதல் சில மாதம் ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தைப் பாவித்தபோது மிஞ்சிய ஊசிகள் அவை. அந்த ஊசியில் 18 என்ற கோடு வரை எடுத்தால் 0.45 மில்லிலீற்றர். நம்முடைய போத்தலில் அது 45 அலகு, இரண்டரை மடங்கு. பையன் கோட்டை எண்ணவில்லை, எண்ணைப் படித்தான். சேர் சொன்ன மாதிரியே.

முடிவு மூன்று: அம்மாவிடம் சொல்வதா?

குழுவில் பலர் வேண்டாம் என்றார்கள். ஆச்சி தப்பிவிட்டார், வயதான காலத்தில் அந்த மனிசிக்கு ஏன் இந்தக் குற்ற உணர்வு என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் பிழையா, நாங்கள் கொடுத்ததில் பிழையா என்பது தெரியாமல் பையனிடம் மறுபடி ஊசியைக் கொடுக்க முடியாது. தவிர, அடுத்த செவ்வாய் அவர் அழைப்பார். பையனைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. நான்காம் நாள் நானே அழைத்துச் சொன்னேன்.

நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு பக்கெற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"இது எப்படி தம்பி அவன் கைக்குப் போச்சு? நான் 'போட'ன்னுதான எழுதி வச்சிருந்தேன்?"

"ஓம் அம்மா, அதுதான் போடக் குடுத்தனான்."

"போடன்னா, தூரப் போடுதது தம்பி!"

எங்களுக்குக் குப்பை என்றால் எறிவது, வீசுவது. போடுவது என்றால், ஊசிப் பக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி போடுவது தவிர வேறென்ன? அவர் வேனிலிருந்து சொன்னதும், நான் பதில் சொன்னதும், திரும்ப நினைத்துப் பார்த்தால் ஒரு சொல்லும் மாறாது. முதல் மாதம் 'பேசினேன்' என்றதற்குச் சிரித்த அதே ஆட்கள்தான் நாங்கள்.

ஊசிகளைத் தெருக் குப்பையில் சேர்க்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டுமென்று தனியாகக் கட்டி வைத்திருந்ததாகவும், பிரியாவிடைகளுக்கு ஓடியதில் போக நேரம் கிடைக்கவில்லை என்றும் அம்மா சொன்னார். தன்னுடைய பிழை இதுதான் என்றார்: ஊசியை அடுத்தவர் கையில் விட்டது. என்னுடைய பிழை, தெரியாத மருந்துப் பொருளை ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு பிள்ளையிடம் கொடுத்தது. வைத்தியரின் கருத்து இரண்டுக்கும் நடுவில்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம்

அடுத்த தம்பதியர் வரவிருக்கிறார்கள். மாத அறிக்கையில் சந்திப்புகளின் எண்ணிக்கை இனி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்களில் ஒருவர் கூடவே போய்வருவார், மொழி ஒன்றாக இருந்தாலும். பிரியாவிடை ஒன்றே ஒன்று, புறப்பட மூன்று வாரத்துக்கு முன்பு. கடைசி இரண்டு வாரச் சந்திப்புகளைப் பொறுப்பேற்கிறவர் செய்ய, போகிறவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். இம்முறை தலைகீழாக நடந்தது. பிரிட்ஜ் வீட்டிலிருந்து வெளியே போகிற கடைசிச் சாமான். மருந்து, ஊசி எதையும் நாங்கள் தொடமாட்டோம். மிஞ்சினதைப் புறப்படுகிறவரே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகுதான் பெட்டி கட்டுவது. பைகளில் ஒரு சொல் எழுதுவதில்லை, முழு வசனம்: "இதைக் குப்பையில் எறிய வேண்டும்."

மிச்சமிருந்த சிவப்பு மூடி ஊசிகளை எண்ணி ஆஸ்பத்திரியில் கொடுத்தேன், 37. ஆச்சிக்குக் கிளினிக்கில் பேனா மாதிரியான இன்சுலின் கருவி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. பையன் ஊசி எடுக்க ஒரு மாதம் மறுத்தான். அதுவரை பொருளாளரின் மனைவி காலையும் இரவும் ஓட்டோவில் போய்வந்தார். பிறகு சேர் ஊரிலிருந்து வீடியோவில் வந்து, இரண்டு விதமான ஊசியையும் படமாக வரைந்து காட்டி, விகித சமன் கணக்காகவே அதை அவனுக்குப் படிப்பித்தார். இப்போது அவன்தான் எடுக்கிறான்; எடுத்ததும் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து 'சரி' என்று வந்தபிறகுதான் ஆச்சியிடம் கொடுக்கிறான்.

பதினான்கு வீடுகளில் பதினொன்றுக்கு யாராவது ஒழுங்காகப் போய்வருகிறோம். மட்டக்குளிப் பக்கத்து மூன்று வீட்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.